'பேப்பர்' என்றால் எந்தப் பேப்பர்? ஆங்கில வாக்கியத்தில் பொருளைப் பிடிக்கும் முறை

எழுதும் தாள், செய்தித்தாள், வினாத்தாள், ஆய்வுக்கட்டுரை, ஆவணம் எனத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் 'பேப்பர்' போதும். ஐந்து பொருளையும் மனப்பாடம் செய்தாலும் வாக்கியத்தில் பார்க்கும்போது குழம்பும். பொருளைக் காட்டிக்கொடுப்பவை பக்கத்தில் நிற்கும் சின்னச் சொற்கள். அவற்றை இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: முன்னால் 'எ' இருக்கிறதா?

பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். காகிதம் என்ற பொருளில் 'பேப்பர்' தண்ணீர், மணல் போல எண்ண முடியாத பெயர். முன்னால் 'எ' வராது, கடைசியில் 'ஸ்' வராது. 'ஐ நீட் சம் பேப்பர்' என்றால் எழுதக் கொஞ்சம் தாள் வேண்டும். 'ஐ நீட் எ பேப்பர்' என்றால் செய்தித்தாளாக இருக்கலாம், கட்டுரையாக இருக்கலாம். வெற்றுத்தாளாக இருக்க வாய்ப்புக் குறைவு.

நாம் தடுக்கி விழும் இடமும் இதுதான். "ஒரு பேப்பர் குடு" என்று தமிழில் கேட்டால் வெற்றுத்தாள் வரும். அதையே 'கிவ் மீ எ பேப்பர்' என்று மாற்றினால் செய்தித்தாள் கையில் வந்து சேரலாம். தாளை எண்ண வேண்டுமானால் அளவுச் சொல் சேருங்கள். முழுத்தாளுக்கு 'எ ஷீட் ஆஃப் பேப்பர்', எந்த அளவுத் தாளுக்கும் 'எ பீஸ் ஆஃப் பேப்பர்', கிழிசல் துண்டுக்கு 'எ ஸ்க்ராப் ஆஃப் பேப்பர்'. மூன்று தாள் என்றால் 'த்ரீ ஷீட்ஸ் ஆஃப் பேப்பர்'. 'ஸ்' ஏறுவது ஷீட்டில்தான், பேப்பரில் அல்ல. கட்டாக வாங்கும் 'ரீம்' இன்றைய கணக்கில் 500 தாள்.

'நியூஸ்பேப்பர்' என்ற சொல்லும் இதே விதிக்குள் அடங்கும். படிப்பது 'எ நியூஸ்பேப்பர்'. அதில் எதையாவது சுற்றிக் கொடுத்தால் 'ராப்ட் இன் நியூஸ்பேப்பர்'. படிக்கும் இதழ் வெறும் காகிதமாகிவிட்டதால் 'எ' உதிர்ந்துவிட்டது.

படி 2: என்ன வினைச்சொல்?

'பப்ளிஷ்', 'பிரசன்ட்' வந்தால் பெரும்பாலும் ஆய்வுக்கட்டுரை. 'செட் எ பேப்பர்' என்றால் வினாத்தாள் தயாரிப்பது. 'சிட் எ பேப்பர்' அந்தத் தேர்வை எழுதுவது. இது பிரிட்டிஷ் வழக்கு. 'மார்க்' வந்தால் விடைத்தாள் திருத்துவது. அமெரிக்கர்கள் அதற்கு 'கிரேட்' என்பார்கள்.

'ரைட்' மட்டும் ஒரு பொறி. "நேற்று கணக்குப் பேப்பர் எழுதினேன்" என்பதை 'ஐ ரோட் எ மேத்ஸ் பேப்பர்' என்று பெயர்த்தால், கணிதத்தில் கட்டுரை எழுதியவராகிவிடுவீர்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் எழுதித் தரும் பாடக் கட்டுரையும் 'பேப்பர்'தான். தேர்வைச் சொல்ல 'ஐ டுக் எ மேத்ஸ் எக்ஸாம்' என்றால் எங்கும் குழப்பமில்லை.

படி 3: 'இன்' வந்ததா, 'ஆன்' வந்ததா?

'இன் தி பேப்பர்' என்றால் பத்திரிகையில் வந்தது. ஆய்வைப் பற்றிய பேச்சானால் அந்தக் கட்டுரையில் உள்ளது. 'ஆன் தி பேப்பர்' தாளின் மேல். நடுவிலுள்ள 'தி' போய் 'ஆன் பேப்பர்' ஆனால் பொருளே வேறு: எழுத்து வடிவில், அல்லது ஏட்டளவில். 'இட் லுக்ஸ் குட் ஆன் பேப்பர்' என்று ஒரு திட்டத்தைச் சொன்னால், நம் ஏட்டுச் சுரைக்காய்தான். கறிக்கு உதவுமா என்ற சந்தேகமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

படி 4: 'ஸ்' இருக்கிறதா?

'சைன் தி பேப்பர்ஸ்' என்றால் ஆவணங்களில் கையெழுத்திடுவது. 'இட் வாஸ் இன் ஆல் தி பேப்பர்ஸ்' என்றால் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. எழுத்து வேலையைக் குறிக்கும் 'பேப்பர்வொர்க்' ஒருபோதும் 'ஸ்' ஏற்காது. 'மச் பேப்பர்வொர்க்' உண்டு, 'மெனி பேப்பர்வொர்க்ஸ்' கிடையாது.

படி 5: பக்கத்தில் ஒட்டிய சொல்

'பேப்பர் கப்' காகிதத்தால் ஆனது. ஆனால் 'பேப்பர் பிராஃபிட்' அப்படியல்ல. பங்கின் விலை ஏறியிருக்கிறது, இன்னும் விற்கவில்லை. கைக்கு வராத லாபம். மிரட்டலோடு நின்றுவிடும் 'பேப்பர் டைகர்' சீன மொழியிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்து வந்தது. 'ஒயிட் பேப்பர்' எழுதும் வெள்ளைத்தாள், 'எ ஒயிட் பேப்பர்' அரசின் வெள்ளை அறிக்கை. மறுபடியும் அந்த 'எ'தான்.

ஐந்து படியும் கைவிடும் வாக்கியங்களும் உண்டு. 'ஷி லெஃப்ட் ஹெர் பேப்பர் ஆன் தி டேபிள்'. 'ஹெர்' வந்து உட்கார்ந்ததால் 'எ' வருமா என்று பார்க்க வழியில்லை; 'லெஃப்ட்' எதற்கும் பொருந்தும் வினை. இங்கே முந்தைய வாக்கியத்துக்குத் திரும்புங்கள். அங்கே தேர்வு அறை இருந்தால் விடைத்தாள், கருத்தரங்கு இருந்தால் கட்டுரை, காலைக் காப்பி இருந்தால் செய்தித்தாள்.