புயல் பார்த்த பிள்ளைகளைத் தேற்றுவது எப்படி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது, அந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்பி வரவே வாரக்கணக்கில் ஆனது. பிள்ளைகளிடம் என்ன எடுபடும், எது எடுபடாது என்று அந்த இருட்டு நாட்களில்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் பயத்தை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். ஏழு வயதுப் பையன் மறுபடி பாயை நனைப்பான். பேச்சுக்காரப் பெண் வாயே திறக்க மாட்டாள். வானம் கருத்தால் போதும், அம்மாவின் முந்தானையை விடாமல் பள்ளிக்கு வர மறுப்பார்கள். முதல் சில வாரங்களுக்கு இதெல்லாம் சகஜம். "இவ்வளவு பெரிய பையன், வெட்கமாயில்லையா?" என்று கேட்காமல் பாயை அலசிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அடிபட்டால்தான் பிள்ளை உறுதியாகும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அடிபட்ட பிறகு பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உறுதி வருகிறது.

அடுத்தது நேரம். வீடு போய் முகாமில் இருந்தாலும் பிள்ளை தினமும் ஒரே மூலையில், ஒரே ஆள் பக்கத்தில் படுக்கட்டும். குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் கூடுமானவரை பழைய நேரத்திலேயே நடக்கட்டும். பள்ளியில் ஓடு பறந்த வகுப்பறையை விட்டு வராந்தாவில் உட்கார்ந்தோம். நாலைந்து பேர்தான் வந்தார்கள் என்றாலும் மணி அடித்தோம், வருகை எடுத்தோம். வாய்ப்பாடு சொல்லும்போது சிலருக்குக் குரல் பழையபடி உயர்ந்ததைப் பார்த்தேன்.

"என்ன நடந்துச்சு, சொல்லு சொல்லு" என்று தோண்டாதீர்கள். பேசத் தோன்றினால் பேசுவார்கள், இல்லாவிட்டால் விளையாட்டில் சொல்லிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் புயல் விளையாட்டு என்றே ஒன்று கண்டுபிடித்தார்கள். ஒருவன் காற்று, மற்றவர்கள் தென்னை மரம், எல்லோரும் தடாலென்று விழ வேண்டும். அபசகுனம் என்று சில தாய்மார்கள் திட்டினார்கள். விளையாடட்டும் என்று விட்டேன். ஒரு பிள்ளை மட்டும் எத்தனை முறை ஆடினாலும் முகம் தெளியாமல் அதே முடிவிலேயே நின்றால், பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம் யார் வந்தாங்க?" என்று கேளுங்கள். கம்பம் நட வெளியூர்களிலிருந்து வந்த மின்வாரிய ஆட்களை எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். கேள்வி கேட்டதும் விளையாட்டுக்குள் லைன்மேன் வந்துவிட்டார். விழுந்து கிடந்த தென்னைகளே எழுந்து கம்பம் தூக்கின!

"இனிமேல் புயல் வராது கண்ணு" என்று மட்டும் சொல்லாதீர்கள். 2020-லேயே நிவரும் புரெவியும் அடுத்தடுத்து வந்தன. ஒருமுறை பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் எந்த ஆறுதலும் செல்லாது. "வரலாம். வந்தால் நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம், அத்தை உன் கையைப் பிடித்துக்கொள்வாள்" என்று இடத்தையும் ஆளையும் சொல்லுங்கள்.

அதோடு ஒரு பொறுப்பும் கொடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாட்டியின் மாத்திரை, தீப்பெட்டி, டார்ச், பிஸ்கட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு பையில் வையுங்கள். டார்ச் எரிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது பிள்ளையின் வேலை. பெரிய பிள்ளை என்றால் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்களைச் சொல்லிக்கொடுங்கள். 1, 2 என்றால் தூரத்து எச்சரிக்கை. 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. செய்தியில் எண்ணைக் கேட்டதும் பொருள் புரிகிற பிள்ளை, பெரியவர்கள் முகத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்காது.

ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார். (அந்தத் தீவையும் 1992-ல் இனிகி என்ற புயல் புரட்டிப் போட்டது.) வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி என்று பலவும் சேர்ந்து அழுத்திய பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாட்டி, அத்தை, டீச்சர் என்று மாறாத அன்போடு குறைந்தது ஒருவராவது இருந்தார்கள். புயலுக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் நிவாரண வரிசையிலும் வங்கியிலும் அலைவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால் "உனக்குப் பயமா இருந்தா யார்கிட்ட போவே?" என்று பிள்ளையையே கேளுங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சத்துணவு ஆயாவைச் சொன்னார்கள். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சாப்பாடு முடிந்ததும் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான்.

கடன் கணக்கைப் பிள்ளை தலைமாட்டில் உட்கார்ந்து பேசாதீர்கள், அது தூங்கியிருக்காது. செல்போனில் புயல் வீடியோக்களைத் திரும்பத் திரும்ப ஓடவிடாதீர்கள்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் ஒட்டவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். செத்துப்போகலாம் என்பதுபோலப் பேசினால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளை யார் கவனிப்பும் இல்லாமல் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். போனில் வயது, எப்போதிலிருந்து இப்படி, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறது, பள்ளிக்குப் போகிறதா என்று கேட்பார்கள். ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு அழையுங்கள், பதற்றத்தில் பாதி மறந்துபோகும்.