யோகா வாத்தியார் ஆக ஊருக்குப் போகிறவர்களுக்கு

டொரொண்டோவில் எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில், திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு முதியோருக்கு நாற்காலி யோகா நடத்துகிறேன். முதல் வகுப்பிலேயே ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சி பாதியில் கையைத் தூக்கி, "பிள்ளை, எனக்கு நாரி பிடிச்சிட்டுது" என்றார். கும்பகோணத்துக் குடும்பத்தில் பிறந்த எனக்கு நாரி என்றால் என்னவென்று தெரியவில்லை. முழித்தேன். பக்கத்து நாற்காலி ஐயா தன் இடுப்புக்குப் பின்னால், முதுகின் அடியில் கையை வைத்துக் காட்டினார். முதுகுத்தண்டில் 33 எலும்பு என்று பரீட்சையில் எழுதித் தேறியவள் நான். 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆனால் அந்த ஆச்சியை வலிக்காமல் நிமிர வைக்க என் வாயில் நாலு தமிழ் வார்த்தை இல்லை.

அந்தச் சான்றிதழை வாங்கியது சென்னையில்தான். அது ஒரு சொதப்பலான பயணம். தங்கியது தாம்பரத்தில் சித்தி வீடு, வகுப்போ நகரத்தின் மறுகோடியில். நடுவில் ஒரு வளைகாப்பு, ஒரு கிரகப்பிரவேசம், "இவ்வளவு தூரம் வந்துட்டுத் திருப்பதி போகாமலா?" என்று ஒரு திருப்பதி. மொத்தம் ஆறு நாள் மட்டம். கடைசி நாள் யாரும் எதுவும் கேட்காமல் சான்றிதழைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். நான்கு வருடம் கழித்து மறுபடி போய் ஒழுங்காகப் படித்தேன். இந்த இரண்டு பயணங்களிலும் தெரிந்துகொண்டதைத்தான், யோகா ஆசிரியர் பயிற்சிக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போக நினைப்பவர்களுக்கு இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 200 மணி நேரப் பயிற்சியை நான்கு வாரத்தில் முடிப்பதுதான் பொதுவான வழக்கம். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு போனால் 24 நாள். அப்படியென்றால் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உடம்பும் மூளையும் வேலை செய்யவேண்டும். பத்தே நாளில் 200 மணி என்று யாராவது விளம்பரம் செய்தால், நாளுக்கு 20 மணி வருகிறது. தூங்க நான்கு மணி நேரம். பொய் சொல்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அப்புறம், பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த 200 மணியில் நான் எழுந்து நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எத்தனை மணி? மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். என் முதல் பயிற்சியில் அது மொத்தமே 40 நிமிடம்.

சான்றிதழ் விஷயத்தில் நம்மவர்களுக்குப் பெரிய குழப்பம் உண்டு. 'யோகா அலையன்ஸ்' என்பது அமெரிக்காவில் இருக்கும் ஒரு தனியார் பதிவு அமைப்பு. அரசாங்கம் தரும் உரிமம் அல்ல. கனடாவிலோ பிரிட்டனிலோ யோகா சொல்லித்தர அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. ஆனால் உடற்பயிற்சிக் கூடங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் அந்த 200 மணியைத்தான் கேட்கும், கூடவே முதலுதவிச் சான்றிதழும். இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் நடத்தும் யோகா சான்றளிப்பு வாரியம் வேறு வழி. அங்கே எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு, படிப்படியாக நிலைகள் உண்டு. நீங்கள் எங்கே வகுப்பெடுக்கப் போகிறீர்களோ அந்த இடத்தில் முதலில் கேட்டுக்கொண்டு, அப்புறம் விமான டிக்கெட் போடுங்கள். தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

எங்கே படிப்பது? சென்னையில் மந்தைவெளிப் பக்கம் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் என்ற நிலையம் இருக்கிறது. தி. கிருஷ்ணமாச்சாரியார் 1888இல் பிறந்து நூறு வயது கண்டவர். மைசூர் அரண்மனையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிற்காலத்தில் சென்னைக்கு வந்துவிட்டார். இன்று உலகமெங்கும் பேர் போன பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் படித்தவர்கள்தான். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கியது இந்த நிலையம். ஆசனத்துக்கு ஆளை வளைக்காதே, ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்று என்பதுதான் இவர்கள் வழி. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் சொல்லித்தர நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது என்பது என் எண்ணம்.

சிவானந்தர் வழி இன்னொன்று. பத்தமடையில் பிறந்து, மலாயாவில் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் குப்புசாமிதான் பிறகு ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார். மலேசியத் தமிழர்கள் அவரை எங்கள் ஆள் என்று சொல்லிக்கொண்டாலும் தப்பில்லை. அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1969இல் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். மதுரையிலிருந்து நத்தம் போகும் வழியில் இவர்களுடைய மீனாட்சி ஆசிரமம் இருக்கிறது, கேரளத்தில் நெய்யாறு அணைப் பக்கமும் ஒன்று. நான்கு வாரம் அங்கேயே தங்கவேண்டும். விடியுமுன் எழுந்தால் இரவு சத்சங்கம் முடிந்துதான் படுக்கை. இதே பயிற்சி கனடாவில் கியூபெக்கின் வால்-மொரான் ஆசிரமத்திலும் கிடைக்கும். வெறும் சான்றிதழ்தான் வேண்டுமென்றால் கனடாக்காரர்கள் அங்கேயே போகலாம், விமானச் செலவு மிச்சம்.

புதுச்சேரியை ஒட்டி சுவாமி கீதானந்தர் 1968இல் தொடங்கிய ஆனந்த ஆசிரமம், ஆறு மாதம் தங்கிப் படிக்கும் கடுமையான பயிற்சியால் பெயர் வாங்கியது. கோவை ஈஷாவின் ஹட யோகா ஆசிரியர் பயிற்சி 21 வாரம். வேலையை விட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருக்கும்.

நம்மவர்கள் அதிகம் யோசிக்காத இடம் ஒன்று உண்டு: பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு. கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை என்ற எளிய யோக முறையை அங்கே சொல்லித்தருகிறார்கள். ஆசனங்களில் அசத்த ஆசைப்படுகிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். கைப்பயிற்சி, கால்பயிற்சி, கண்பயிற்சி, உடல் தளர்த்தல் என்று போகும். ஆனால் முழுக்கத் தமிழ். அறுபது வயதுக்காரர் வேட்டியைக் கட்டிக்கொண்டே செய்யலாம். தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு அவர்களுடைய அறிவுத்திருக்கோயிலும் மன்றமும் இருப்பதால், ஆசிரியர் எப்படிப் பேசுகிறார், எங்கே நிறுத்துகிறார் என்று பக்கத்திலிருந்து பார்க்கலாம். உலகத்தரச் சான்றிதழ் எங்கே என்று கேட்காதீர்கள். காது கொடுத்துக் கேட்கத்தான் அங்கே போகச் சொல்கிறேன்.

விசாவுக்கு வருவோம். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் விசா வேண்டாம். மற்றவர்களுக்கு, இ-சுற்றுலா விசாவில் அனுமதித்திருக்கும் காரியங்களில் குறுகிய கால யோகா பயிற்சியும் ஒன்று. பல்கலைக்கழகப் பட்டயம், பட்டம் என்றால் மாணவர் விசாதான். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 30 நாள் இ-விசாவை நீட்டிக்க முடியாது. பயிற்சியே 28 நாள். ஒரு விமானம் தாமதமானால் கதை முடிந்தது. ஒரு வருட விசாவாகவே எடுங்கள். எந்த விசா என்று பயிற்சி நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விதி அடிக்கடி மாறும் என்பதால் அரசுத் தளத்திலும் பாருங்கள். போலித் தளங்கள் ஏராளம், முகவரி ஜிஓவி.ஐஎன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டவேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வந்து தங்கினால் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசிடம் பதியவேண்டும் என்பதால், கடவுச்சீட்டு, விசா நகல்கள் நாலைந்து கையில் இருக்கட்டும்.

போகும் மாதம் தை, மாசி. சித்திரை வெயிலில் காற்றாடி மட்டும் சுற்றும் கூடத்தில் சூரிய நமஸ்காரம் செய்துபார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும். ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை, துணி காயாது. நான்கு நாள் முன்னதாகவே இறங்கித் தூக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். இன்னொன்று, நாற்காலியில் வளர்ந்த முழங்கால் நம்முடையது. ஆசனத்தைவிட, தத்துவ வகுப்பில் சம்மணம் போட்டு இரண்டு மணி நேரம் உட்காருவதுதான் பலரை அழவைக்கும். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பியுங்கள்.

பல ஆசிரமங்களில் காபி கிடையாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். மூன்றாம் நாள் தலை வெடிக்கும், யோகத்தால் ஏதோ நச்சு வெளியேறுகிறது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வோம். அது வெறும் காபித் தலைவலி. ஓய்வு நாளில் வாசலுக்கு வெளியே டீக்கடையில் வெள்ளை உடுப்போடு நாலு நாட்டுக்காரர்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். நானும் அதில் ஒருத்தி.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆசனத்தைத் திருத்துகிறேன் என்று கேட்காமல் தொடுகிற ஆசிரியரிடம் "வேண்டாம், வாயால் சொல்லுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டுங்கள். இதற்காகவே முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

உறவுக்காரர்களை என்ன செய்வது? என் அனுபவத்தில் ஒரே வழிதான்: பயிற்சி முடியும் தேதியைத்தான் ஊருக்கு வரும் தேதி என்று சொல்லவேண்டும். கோபித்துக்கொள்வார்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இரண்டாம் பயணத்தில், பயிற்சி முடிந்து ஊரில் இருந்த அந்த ஒரு வாரத்தில்தான் நான் உண்மையில் படித்தேன். கும்பகோணத்தில் மாமா வீட்டுத் தெருக்கோடியில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் காலை ஆறு மணிக்கு முதியோர் வகுப்பு. விரித்திருந்தது ஜமுக்காளம். ஒரு பாட்டி மட்டும் சொந்தமாகக் கோரைப்பாய் கொண்டுவருவார். வாத்தியார் ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. "குதிகாலை அழுத்துங்கோ. முட்டியை இறுக்க வேணாம். காதுக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு எலுமிச்சம்பழம் உருளணும்" என்பார். எலுமிச்சம்பழம் என்றதும் பதினெட்டுத் தோள்களும் இறங்கின. 'தோள்களைத் தளர்த்துங்கள்' என்று நான் நூறு முறை சொல்லியும் நடக்காத காரியம்.

கடைசியில் படுக்கவைக்கும் ஆசனத்துக்கு சவாசனம் என்ற பெயரை அவர் வாயெடுக்கவே இல்லை. "எழுபது வயசுக்காரங்க கிட்டப் போய்ப் பிணம் மாதிரி படுங்கன்னா யாரும்மா படுப்பா? சாந்தியாசனம்னு சொல்லு" என்றார். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் யார், கண் அழுத்தம் உள்ளவர்கள் யார் என்று அவருக்கு மனப்பாடம். கபாலபாதி என்ற வேக மூச்சுப் பயிற்சி நேரத்தில் அவர்களைப் பேர் சொல்லி, "நீங்க சும்மா மூச்சைப் பாருங்கோ" என்று உட்காரவைத்துவிடுவார். தலை கீழே போகும் எதையும் அவர்களுக்குக் கொடுக்கவே மாட்டார்.

ஆகவே பயிற்சி முடிந்ததும் உடனே விமானம் ஏறாதீர்கள். இப்படி ஒரு வகுப்பைத் தேடிப்பிடித்து, பின்வரிசையில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். என் நோட்டில் மூன்று பத்தி: ஆசனத்தின் பெயர், கும்பகோணத்தில் சொல்வது, யாழ்ப்பாணத்தார் சொல்வது. மூன்றாவது பத்தியை டொரொண்டோ ஆச்சிமார்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். நாலு நாள் பார்த்த பிறகு, பத்து நிமிடம் நான் நடத்தட்டுமா என்று கேளுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் எனக்கும் பத்து நிமிடம் கிடைத்தது. எழுந்து நின்று, பழக்கதோஷத்தில், "இன்ஹேல்... கையை மேலே தூக்குங்க" என்று ஆரம்பித்தேன். இரண்டு சுற்று போயிருக்கும். முன்வரிசைத் தாத்தா முகம் சிவக்க, கையை மேலே தூக்கியபடியே, "அம்மா, மூச்சை எப்ப விடணும்னு தமிழ்ல சொல்லிடேன்" என்றார். மண்டபம் சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அன்று இரவு ரயிலில் உட்கார்ந்து என் திங்கள்கிழமை வகுப்பை முதல் வரியிலிருந்து தமிழில் எழுதினேன். செங்கல்பட்டு வருவதற்குள் பதினொரு பக்கம் ஆகியிருந்தது.