கும்மித் தாளத்தில் குறில் நெடிலும் வாய்ப்பாடும்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு

வகுப்பில் இசை என்றதும் ஒலிபெருக்கியைத் தேட வேண்டியதில்லை. கோயில் நோம்பி என்னும் திருவிழாவிலும் வள்ளி கும்மி அரங்கேற்றத்திலும் கொங்கு நாட்டுப் பிள்ளைகள் பார்த்துப் பழகிய கைத்தட்டே போதும். பாட வராத ஆசிரியரும் இதைச் செய்யலாம். ஏனெனில் முதலில் வேண்டுவது ராகமன்று, சீரான தாளம்.

முதல் படியாகப் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஒன்று முதல் நான்கு வரை எண்ணியபடி வலக்காலால் தரையைத் தட்டச் செய்யுங்கள். ஆர்வத்தில் வேகம் கூட்டிவிடுவார்கள். சோமனூர், பள்ளிபாளையம் போன்ற தறி ஊர்களில், "தறி ஓடற மாதிரி ஒரே சீராத் தட்டுங்க கண்ணுகளா" என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். இது கைவரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது குறிலும் நெடிலும். கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் சொல்வதால், எழுத்தின் நீளத்தை உடலால் அளப்பது நமக்குப் புதிதன்று. குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டிய கைகளைப் பிரிக்காமல் இரண்டு எண்ணிக்கை நிறுத்த வேண்டும். எடு–ஏடு, விடு–வீடு, கொடு–கோடு என இணைகளாகச் சொல்லவையுங்கள். 'வீடு' என்பதன் ஈற்றில் வருவது அரை மாத்திரைக் குற்றியலுகரம் என்றாலும், அந்த நுட்பத்தை மேல் வகுப்புக்கு விட்டுவிட்டு, சிறு பிள்ளைகளை முதல் எழுத்தை மட்டும் கவனிக்கச் செய்வதே நல்லது. தட்டி முடித்ததும் அதே சொற்களை எழுதவைத்தால், துணைக்காலையும் கொம்பையும் எங்கே இடுவது என்று கை தடுமாறுவது குறையும்.

மூன்றாவது படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பை இரண்டு அணியாக்கி, எல்லோரும் 1 முதல் 24 வரை ஒன்றாக எண்ணட்டும். 'தகிட' அணி ஒவ்வொரு மூன்றாவது எண்ணிலும், 'தகதிமி' அணி ஒவ்வொரு நான்காவது எண்ணிலும் தட்ட வேண்டும். தனித்தனியாகக் கேட்டுவந்த தட்டுகள் 12 இல் ஒன்றாக விழும்போது பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மறுபடி 24 இல் விழும். அங்கே நிறுத்தி, இரண்டு அணியும் ஒன்றாகத் தட்டிய எண்களைக் கரும்பலகையில் வட்டமிடச் சொல்லுங்கள். பொது மடங்கு என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

தாளம் பழகியபின் பாடச் செய்திகளைக் கும்மி அடிகளாகப் பிள்ளைகளையே கட்டச் சொல்லலாம். காவிரியில் பவானி, நொய்யல், அமராவதி சேரும் வரிசை இதற்கு எளிய தொடக்கம். பாட மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தாமல் காலால் தாளம் காக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

கடைசியாக, தாளத்தை நிறுத்திவிட்டு, "ஏழு மூன்று எவ்வளவு?" என வாய்ப்பாட்டின் நடுவிலிருந்து கேளுங்கள். ஒன்றிலிருந்து பாடிக்கொண்டே வந்து விடை சொல்லும் பிள்ளைக்கு வாய்ப்பாடு இன்னும் பிடிபடவில்லை. அப்பிள்ளைக்கு மறுநாள் நீங்கள் தாளம் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கேள்வியை முன்பின்னாகக் கேளுங்கள்.