ஆர்.வி. இன்வெர்ட்டருக்கு எர்த் கொடுப்பது எப்படி: உறைக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று

அமெரிக்க ஆர்.வி.களில் (தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டிகளில்) பரவலாகக் காணப்படும் 2000 வாட் இன்வெர்ட்டரையே இங்கே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 120 வோல்ட் ஏ.சி. (மாறுமின்னோட்டம்) தரும் வகை அது. இதற்கு எர்த் கொடுப்பதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, இன்வெர்ட்டரின் உலோக உறையை வண்டியின் சேஸியோடு (அடிச்சட்டத்தோடு) இணைப்பது. இன்னொன்று, ஏ.சி. பக்கத்தில் நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேர வேண்டும் என்று பார்ப்பது. புதியவர்கள் முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஷாக் அடிப்பதும் பிரேக்கர் விழாமல் போவதும் பெரும்பாலும் இரண்டாவதில் நடக்கும் பிழையால்தான்.

தொடங்கும் முன்

வெளி மின் இணைப்பைக் கழற்றுங்கள், ஜெனரேட்டரை நிறுத்துங்கள், சோலார் இருந்தால் அதையும் துண்டியுங்கள். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். இன்வெர்ட்டருக்குள் உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், சில நிமிடம் பொறுத்துக் கை வையுங்கள்.

படி 1: உறையிலிருந்து சேஸிக்கு

2000 வாட்டை 12-ஆல் வகுத்தால் 167 ஆம்பியர். இழப்பையும் சேர்த்தால் 190, 200 ஆம்பியர் வரை பேட்டரியிலிருந்து இழுக்கும். அதனால் 2/0 கேஜ் கேபிளும் 250 அல்லது 300 ஆம்பியர் ஃபியூஸும் போடுவார்கள். இன்வெர்ட்டருக்குள் பேட்டரி பாசிட்டிவ் உறையைத் தொட்டுவிட்டால் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் முழுவதும் எர்த் வயர் வழியாகத்தான் திரும்பும். வயர் மெலிதாக இருந்தால் ஃபியூஸ் உருகுவதற்குள் வயரே பழுத்துத் தீப்பிடிக்கலாம்.

அமெரிக்க மின் விதியான என்.இ.சி.யின் 551-ஆம் பிரிவு, ஆர்.வி. கன்வெர்ட்டரின் (120 வோல்ட் ஏ.சி.யை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றும் கருவியின்) உறைக்குக் குறைந்தது 8 கேஜ் செம்பு வயர் கேட்கிறது (8 கேஜ், 2/0-ஐவிட மெலிது). அது குறைந்தபட்ச அளவுதான். 2/0 கேபிள் ஓடும் இன்வெர்ட்டருக்கு எர்த்தும் 2/0 அல்லது ஒரு படி கீழே 1/0, அதாவது சுமார் 53 சதுர மி.மீ. போடுவதே பாதுகாப்பு. உங்கள் இன்வெர்ட்டரின் கையேடு இதைவிடப் பெரியது கேட்டால் அதையே பின்பற்றுங்கள்.

கேபிளின் மறுமுனை எஃகுச் சட்டத்தில்தான் போக வேண்டும். அலுமினியத் தகட்டிலோ கேஸ் குழாயிலோ மாட்டக் கூடாது. தொழிற்சாலையே எர்த் போல்ட் கொடுத்திருந்தால் அதுவே சிறந்த இடம். இல்லையென்றால் பிரேக், எரிபொருள் குழாய்கள் இல்லாத இடம் பார்த்து 3/8 அங்குல போல்ட் போடுங்கள். பெயின்ட்டை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு லக்கை (வளைய முனையை) கேபிள் நுனியில் நசுக்கிக் கிரிம்ப் செய்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே துரு தடுக்கும் பூச்சு அடியுங்கள். பேட்டரி நெகட்டிவும் இதே போலத் தடித்த கேபிளில் சேஸியோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் போட்ட எர்த்துக்குத் திரும்பும் வழியே கிடையாது.

படி 2: நியூட்ரலும் எர்த்தும்

நியூட்ரலும் எர்த்தும் ஒரே ஓர் இடத்தில், மின்சாரம் பிறக்கும் இடத்தில் மட்டும் சேர வேண்டும். முகாமில், அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் இடத்தில், வெளி மின் இணைப்பில் செருகியிருக்கும்போது அந்த இணைப்பு முகாமின் மின் அமைப்பில் இருக்கிறது. அதனால் ஆர்.வி. பேனலில் (பிரேக்கர் பெட்டியில்) நியூட்ரல், எர்த் வயர்கள் சேரும் இரண்டு பஸ்பாரும் (உலோகப் பட்டைகளும்) தனித்தனியாக இருக்கும், அவற்றை இணைக்கும் பச்சை ஸ்குரூவைப் போடக் கூடாது. பேட்டரியில் ஓடும்போது இன்வெர்ட்டர்தான் மூலம், அப்போது இணைப்பு அதற்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபேஸ் உறையைத் தொட்டாலும் மின்னோட்டம் திரும்ப வழியின்றி பிரேக்கர் விழாது.

சார்ஜரோடு சேர்ந்து வரும் நல்ல இன்வெர்ட்டர்களில் இதற்கென ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) உண்டு. பேட்டரியில் ஓடும்போது இணைக்கும், வெளி மின்சாரம் வந்ததும் பிரிக்கும். கையேட்டில் இந்த வசதி இருக்கிறதா, இயக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளேயே நிரந்தரமாக இணைத்த தனி இன்வெர்ட்டர் என்றால், டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (ஒரு மின்மூலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சுவிட்ச்) ஃபேஸை மட்டுமல்ல, நியூட்ரலையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

மலிவான சிலவற்றில் ஃபேஸிலிருந்து எர்த்துக்கு 60, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு 60 வோல்ட் காட்டும். அவற்றில் நீங்களாக நியூட்ரலை எர்த்தோடு கட்டினால் இன்வெர்ட்டர் எரிந்துபோகலாம். அந்த வகையை வண்டியின் பேனலோடு இணைக்காதீர்கள். அதன் சொந்த சாக்கெட்டில் லேப்டாப் போல ஒன்றைச் செருகிக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

படி 3: மல்டிமீட்டரால் சோதனை

எல்லாம் அணைத்த நிலையில், உறைக்கும் சேஸிக்கும் இடையே ஓம் ஏறத்தாழ 0 காட்ட வேண்டும். இன்வெர்ட்டரின் ஏ.சி. வயர்களைப் பேனலில் மாட்டும் முன், பேனலில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. ஜெனரேட்டர் இருக்கும் வண்டியில் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் வழியாகத் தொடர்பு தெரியலாம், ஜெனரேட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு அளவிடுங்கள்.

பேட்டரியில் ஓடும்போது சாக்கெட்டில் ஃபேஸ்-நியூட்ரல் 120, ஃபேஸ்-எர்த் 120, நியூட்ரல்-எர்த் 0 வர வேண்டும். பிறகு முகாமில் செருகி, ஏர் கண்டிஷனர் அல்லது ஹீட்டரை ஓடவிட்டு நியூட்ரல்-எர்த்தை மறுபடி அளவிடுங்கள். ஓரிரு வோல்ட் வருவது இயல்பு. பெரிய சுமை ஓடியும் சுத்தமாக 0 காட்டினால், வண்டிக்குள் எங்கோ இரண்டாவது இணைப்பு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

வழக்கமாக நடக்கும் பிழைகள்

வீட்டு கராஜில் செருகியதும் ஜி.எஃப்.சி.ஐ. (கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் பாதுகாப்புக் கருவி) விழுந்தால், பெரும்பாலும் இரட்டை இணைப்புதான் காரணம். நியூட்ரலில் திரும்ப வேண்டியதில் ஒரு பங்கு எர்த்தில் போகிறது. ஜெனரேட்டருக்காக விற்கும், நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் பிளக்கை வண்டிக்குள் செருகி மறந்துவிடுவதும் இதே பிழைதான். இதில் உயிருக்கு ஆபத்து எங்கே என்றால், எர்த் அறுந்து, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிய ஒரு சாக்கெட்டில் அந்த வண்டியைச் செருகும்போது. வண்டியின் உலோக உடல் முழுவதும் 120 வோல்ட்டில் நிற்கும், கதவுப் பிடியைத் தொடுபவர் கால் ஈர மண்ணில் இருக்கும்.

தரையில் கம்பி அடித்து எர்த் கொடுப்பது இதைச் சரிசெய்யாது. மண்ணின் தடை 25 ஓம் என்று வைத்தால் 120 வோல்ட்டில் ஓடுவது 4.8 ஆம்பியர். 15 ஆம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளாது.