கோணமலை ஏறும்போது வன்னிக்காரர் விடுகிற பிழைகள்

எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் குளக்கட்டுத்தான். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ கட்டில் ஏறி நின்றாலே ஊர் தெரியும். குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்று பேர் சொல்லக்கூடிய குன்றுகள் சிலவற்றை விட்டால் வன்னி தட்டைதான். அதனாலோ என்னவோ, திருகோணமலைக்கு வான் பிடித்துப் போகிற எங்கட சனம் மலை ஏறப் போகிறோம் என்று நினைத்து வெளிக்கிடுவதில்லை. கோணேசரைக் கும்பிடுகிறோம், மேலே நின்று கடலைப் பார்க்கிறோம், அவ்வளவுதானே என்று போகிறார்கள்.

பெரிய ஏற்றம் இல்லைத்தான். கடலில் இருந்து செங்குத்தாக எழுகிற, சுவாமிமலை என்றும் சொல்கிற இந்தக் கோணமலை முந்நூறு அடிக்குச் சற்று மேலே இருக்கும். மலையடியில் இருக்கிற கோட்டையின் வாசலில் இருந்து கோயிலடி வரை ஒரு கிலோமீற்றர் அளவு வீதி, கடைசியில் படிகள். சுகதேகி ஒருவர் கதைத்துக்கொண்டே ஏறிவிடலாம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. சிவனொளிபாதமலைக்குப் போகிறவன் கம்பளித் தொப்பி, குளுக்கோஸ், கால் நோவுக்குத் தைலம் என்று ஆயத்தமாகப் போகிறான். கோணமலைக்கு ஒரு போத்தல் தண்ணிகூட வானை விட்டு இறங்குவதில்லை.

நேரத்தில் விடுகிற பிழைதான் மற்றப் பிழைகளுக்கெல்லாம் தாய். "விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடுவம்" என்று தீர்மானிப்பார்கள். பெரியம்மா வந்து சேர ஏழாகிவிடும். வவுனியாவில் ஒரு தேத்தண்ணி, ஹொரவப்பொத்தானையில் சாப்பாடு. வவுனியாவில் இருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர்தான் என்றாலும் கோட்டை வாசலில் இறங்கும்போது பதினொன்று தாண்டியிருக்கும். வெயில் உச்சிக்கு வருகிற நேரம் அது. உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்திவிட்டால் பிறகு பின்னேரம்தான் திறப்பார்கள். ஆகவே எல்லாரும் ஓட்டமும் நடையுமாக, குழந்தையை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறுகிறார்கள். அரை மணித்தியாலத்தில் ஆறுதலாக ஏறக்கூடிய மலையை இப்படித்தான் கால் மணித்தியாலத் தண்டனையாக்குகிறோம்.

நான் சொல்வது இரண்டில் ஒன்று. முதல்நாள் போய்த் தங்கி விடியற்காலையில் ஏறுங்கள். இல்லையென்றால் காலமை ஆறுதலாக வெளிக்கிட்டு, நகரத்தில் சாப்பிட்டு, நிழலில் இருந்துவிட்டு நாலு மணிக்குப் பிறகு ஏறுங்கள். சிலர் சாமம் மூன்று மணிக்கே வானை எடுக்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வீதியில் யானை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பின்னேரம் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மன்னார்ப் பக்கத்து ஆட்கள் சூரியன் கடலில் விழுவதைப் பார்த்துப் பழகியவர்கள். கோணமலையில் கடல் கிழக்கே. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நகரத்துப் பக்கம்தான் இறங்கும். கடலில் இருந்து சூரியன் எழும்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் விடியத்தான் போக வேண்டும்.

அப்புறம் கால். மேலே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். நண்பகலில் அந்தக் கல்லும் சீமெந்துத் தரையும் எப்படிச் சுடும் என்பது ஒருமுறை மிதித்தவருக்குத் தெரியும். இளந்தாரிகள் துள்ளித் துள்ளிப் போய்விடுவார்கள். எனக்குப் பயம் சீனி வருத்தக்காரரைப் பற்றித்தான். சீனி பல வருசம் இருந்தால் உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்துவிடும். சுடுகிறது என்றே தெரியாமல் அம்மம்மா பாட்டுக்கு நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கொப்பளம் உடைந்து புண்ணாகியிருக்கும். சீனிக்காரரின் காலில் வந்த புண் இலேசில் ஆறாது. அவர்களை நண்பகலில் ஏற்றவே வேண்டாம். ஏறினால் இறங்கியவுடன் இரண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். அவர் சொல்வதை நம்பாமல் நீங்களே கையால் தடவிப் பாருங்கள்.

தண்ணி விசயத்தில் கடற்காற்று ஆளை ஏமாற்றும். நெடுங்கேணியில் வயலுக்குள் நின்றால் வேர்வை வழிவது தெரியும், தண்ணி விடாய்க்கும். மலையில் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வேர்வை வந்த உடனேயே காய்ந்துவிடுகிறது. உடம்பு நனையவில்லை, ஆகவே தண்ணி வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். இறங்கும்போது தலையிடி, கண் இருட்டு. கீழே வாசலிலேயே குடித்துவிட்டு ஏறுங்கள், ஆளுக்கு ஒரு போத்தலும் கையில் இருக்கட்டும்.

இதில் வன்னிக்கென்று ஒரு விசயம் இருக்கிறது. செட்டிகுளம், வெலிஓயா, பதவியாப் பக்கங்களில் சிறுநீரக வருத்தம் உள்ள குடும்பங்கள் நிறைய. அப்படிப்பட்டவர் எவ்வளவு தண்ணி குடிக்கலாம் என்பது கிளினிக்கில் டொக்டர் சொன்ன கணக்கு. "குடியுங்கோ, குடியுங்கோ" என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஊற்றிக் கொடுப்பதும் பிழை, ஒன்றுமே குடிக்காமல் வெயிலில் காய்வதும் பிழை. இறங்கின பிறகு வருவது அதைவிட மோசமான பிழை. முழங்கால் நோகிறது என்று யாரோ பையில் இருந்து ஒரு நோவுக் குளிசை எடுத்துக் கொடுப்பார்கள். டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்ற குளிசைகள் பழுதான சிறுநீரகத்தை இன்னும் பழுதாக்கும். உடம்பில் தண்ணி குறைந்திருக்கும் நேரத்தில் இன்னும் மோசம். அளவோடு பனடோல், காலை நீட்டி இருத்தல், அவ்வளவு போதும்.

செயற்கைக் காலோடு நடப்பவர் இல்லாத பயணம் வன்னியில் குறைவு. அவர்கள் விடயத்தில் கூட வருபவர்கள்தான் பிழை விடுகிறார்கள். "நீங்கள் வானிலேயே இருங்கோ அண்ணை, நாங்கள் போட்டு வாறம்" என்று அவரைக் கேட்காமலே முடிவெடுப்பது முதலாவது. ஓட்டோ மேலே கோயிலுக்குக் கிட்ட வரை போகும். அவர் விரும்பினால் நடந்து ஏறுவார், விரும்பினால் ஓட்டோவில் வருவார். அது அவருடைய தீர்மானம். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கஷ்டம் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. செயற்கைப் பாதம் சரிவுக்கு ஏற்ற மாதிரி வளைந்து கொடுக்காது, உடம்புப் பாரம் முன்னுக்குத் தள்ளும். அதோடு வேர்வையில் செயற்கைக் காலுக்குள் இருக்கிற மிச்சக் காலின் நுனி ஊறி, கழன்று கழன்று உராயும். ஆகவே ஏறுவதற்கு நடையும் இறங்குவதற்கு ஓட்டோவும் என்று வைப்பதுதான் புத்தி. எங்கட ஆட்கள் தலைகீழாகச் செய்வார்கள். மேலே போனதும் நிழலில் இருந்து காலைக் கழற்றி, துணியால் ஈரம் ஒற்றி, காய்ந்த உறை ஒன்று மாற்றிப் போட்டால் பாதி வேதனை இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

காலநிலை சுருக்கம். மார்கழி லீவில்தான் சனம் அள்ளுப்பட்டுப் போகிறது, அது வாடைக்காற்றோடு மாரி கொட்டுகிற காலம். படி வழுக்கும், கடல் கலங்கிப் போயிருக்கும். வைகாசியில் இருந்து ஆவணி வரை மழை குறைவு. ஆனால் மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்று ஆளைத் தள்ளும். பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாக இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் மேலே நின்றே தூரத்தில் திமிங்கிலம் நீர் பீய்ச்சுவதைக் காணலாம். வெயில் மட்டும் கொடுமை.

அந்தக் கச்சானைப் பற்றி நினைக்காமல்தான் இராவணன் வெட்டுப் பக்கம் போட்டோ எடுக்க நிற்கிறார்கள். இராவணன் வாளால் வெட்டிய பிளவு என்று சொல்லப்படுகிற அந்தச் செங்குத்துக்குக் கம்பி வேலி போட்டிருப்பது காரணத்தோடுதான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்து, சேலைத் தலைப்புப் பறக்க, போனைப் பார்த்தபடி பின்னுக்குப் போகிறவர்களைப் பார்க்க எனக்கு அடிவயிறு கலங்கும். காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. நின்று நின்று ஒரேயடியாக வரும். பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டுகிற மரமும் அந்த விளிம்போடுதான் இருக்கிறது. அங்கே கட்டுகிறவர்கள் எட்டாத கிளைக்கு ஆசைப்பட வேண்டாம். எட்டுகிற கிளையில் கட்டினாலும் கோணேசர் கேட்பார். யாருக்கும் ஏதும் நடந்தால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

இனி மான். எங்களுக்கு மான் என்றால் காட்டோரத்தில் ஒரு கணம் தெரிந்து மறைவது. கோட்டைக்குள் புள்ளிமான் வான் கதவடிக்கு வந்து நிற்கும். பிள்ளைகளுக்குத் தலைகால் தெரியாது. கையில் இருக்கிற பணிஸ், றோல்ஸ், கச்சான் கோது எல்லாம் மானுக்குப் போகும். ஒரு மான் சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனை மெல்லுவதை வெகு கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். குழம்பு ஒட்டியிருந்த மூலையை முதலில் நக்கியது. பிறகு அந்த மூலையைக் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாக முழுத்தாளையும் உள்ளே இழுத்தது. கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைத்துக்கொண்டே இருக்க, கடைசி நுனி உதட்டில் ஒருமுறை ஆடிவிட்டு மறைந்தது. அசைபோடுகிற பிராணியின் வயிற்றுக்குள் போன பொலித்தீன் வெளியே வராது. அது சேரச் சேர, வயிறு நிறைந்த மாதிரி இருந்துகொண்டே மான் பட்டினியில் சாகும். பார்சல் தாளை வானுக்குள்ளேயே ஒரு பையில் கட்டி வையுங்கள். வாசலில் இருக்கிற திறந்த குப்பைத் தொட்டியில் போடுவதும் மானுக்குப் பரிமாறுவதும் ஒன்றுதான்.

குரங்குக்கு இவ்வளவு நீளமாகச் சொல்லத் தேவையில்லை. அர்ச்சனைத் தட்டை மூடிப் பிடியுங்கள், பறித்தால் விட்டுவிடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள் பூசிக்கொண்டு ஊருக்கு வராதீர்கள். ஓடும் தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவி, அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடிக்குப் போடுகிற ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. அடையாள அட்டை இல்லாமல் போகக்கூடாது என்று வன்னியில் யாருக்கும் நான் படிப்பிக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் இருந்து லீவில் வந்திருக்கிற மச்சானுக்குத்தான் சொல்ல வேண்டும், ட்ரோனைப் பையை விட்டே எடுக்க வேண்டாம் என்று. இலங்கையில் அதைப் பறக்கவிட அனுமதி எடுக்க வேண்டும். முகாமுக்கு மேலே பறக்கவிட்டால் அன்றைய பயணம் பொலிசில் முடியும்.

இன்னொரு பிழை ஆபத்தில்லாதது. ஆனால் எனக்கு அதுதான் கூட மனவருத்தம். மேலே நின்று பிள்ளைகளுக்கு, "இது ஆயிரக்கணக்கான வருசத்துக் கோயில்" என்று கட்டடத்தைக் காட்டுகிறோம். தலம் பழையதுதான், ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம். இன்றைய கட்டடம் 1963இல் குடமுழுக்குக் கண்டது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அந்தக் கல்லாலேயே கீழே கோட்டையைக் கட்டினார்கள். அது 1639இல் ஒல்லாந்தர் கைக்கும் 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. ஆக, பழைய கோயிலைத் தொட்டுப் பார்க்க ஆசையென்றால் கோட்டைச் சுவரைத்தான் தொட வேண்டும். வாசல் கல்லில் பாண்டியரின் மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் இருக்கின்றன. அந்த வாசலால்தான் எல்லாரும் ஓட்டமாக உள்ளே போகிறார்கள். மேலே போனால் நகரத்தைப் பார்த்து நின்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்: வலப்பக்கம் தெரிவது பின்குடா, இடப்பக்கம் ஒல்லாந்தர் குடா, ஊருக்கு அங்கால் தெரிவது துறைமுகம். அந்தத் துறைமுகத்துக்காகத்தான் இத்தனை பேர் மாறி மாறிச் சண்டை பிடித்தார்கள்.

கடைசியாக, ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கிற ஆசை. கோணேசர், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் குளிப்பு, முடிந்தால் புறாத்தீவு. வெயிலில் ஏறி இறங்கிய உடம்போடு கடலில் குதித்தால் சதை பிடித்து இழுக்கும். ஆழத்தில் அது நடந்தால் கதை வேறு. இவ்வளவையும் முடித்து ஏழு மணிக்கு வானில் ஏறினால் பின்னால் இருக்கிற எல்லாரும் பத்து நிமிடத்தில் நித்திரை. சாரதியும் உங்களோடு மலை ஏறியவர், அவரும் விடிய ஐந்து மணிக்கு எழும்பியவர். அவரை மேலே இழுத்துக்கொண்டு போகாதீர்கள், கும்பிட வேண்டுமென்றால் தான் விரும்பிய நேரம் போய் வருவார். பகலில் இரண்டு மணித்தியாலம் வானைச் சாய்த்துப் படுக்க விடுங்கள். பன்குளம், முதலிக்குளம் தாண்டி ஹொரவப்பொத்தானை வரை இருட்டினால் யானை வீதிக்கு வரும். கறுத்த யானை லைட் வெளிச்சத்தில் கிட்ட வரும் வரை தெரியாது. ஆகவே ஐந்து மணிக்கே நகரத்தை விட்டு வெளிக்கிடுங்கள். நாலு மணிக்குப் பிறகு ஏறுகிறவர்களும் பிந்தினவர்களும் அறை எடுத்துத் தங்குங்கள். முன்சீட்டில் இருப்பவர் எப்படியும் நித்திரை கொள்ளக்கூடாது. யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல், லைட்டைத் தாழ்த்தி, தூரத்திலேயே வானை நிறுத்தி அது போகும் வரை இருங்கள்.