துணி அலமாரி அடுக்கும்போது தயவுசெஞ்சு இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன வாரம் என் சித்தி பொண்ணு ஒரு போட்டோ அனுப்பினா. கட்டில் பக்கத்துல 14 பிளாஸ்டிக் பெட்டி, எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே சைஸ், மூடியோட. பின்னாடி அலமாரி கதவு திறந்து கிடக்கு, உள்ள துணியெல்லாம் அப்படியே மலை மாதிரி. "அக்கா, எல்லாம் வந்துடுச்சு, இப்ப எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"னு கேட்டிருந்தா. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, ஏன்னா எட்டு வருஷம் முன்னாடி நான் அலமாரி அடுக்க ஆரம்பிச்சப்போ சரியா இதே வேலையத்தான் பண்ணேன். இப்ப தெரிஞ்சவங்க வீட்டுக்கெல்லாம் போய் அடுக்கி குடுக்கறேன், போற இடத்துல எல்லாம் திரும்பத் திரும்ப அதே தப்பு. கிழிஞ்சத தூக்கி போடுங்க, கசக்கி திணிக்காதீங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

பெட்டிய முதல்ல வாங்குறது

இத நினைச்சா எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வருது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நான் அப்போ 12 பெட்டி வாங்கினேன். எங்கிட்ட எத்தனை பேன்ட் இருக்கு, எத்தனை டீ-ஷர்ட் இருக்குன்னு ஒரு தடவ கூட எண்ணல. பெட்டி கைக்கு வந்ததும் அதுக்கு ஏத்த மாதிரி துணிய பிரிச்சேன். சாக்ஸ் பாதி பெட்டிக்கு கூட வரல, டீ-ஷர்ட் ரெண்டு பெட்டிலயும் அடங்கல, மிச்சத்த எங்க இடம் இருந்துச்சோ அங்க சொருகினேன். ஷெல்ஃப் ஆழம் 55 செ.மீ., பெட்டி 40 செ.மீ. பின்னாடி இருந்த 15 செ.மீ. இடம் வீணா போனது மட்டும் இல்ல, மேலேர்ந்து விழுந்த துணியெல்லாம் அங்க போய் ஒளிஞ்சுக்கிச்சு.

அத விட பெரிய பிரச்சனை மூடி. மூணு பெட்டிய ஒண்ணு மேல ஒண்ணா வச்சா அடியில இருக்கறத எடுக்க மேல இருக்கற ரெண்டையும் இறக்கணும், மூடிய கழட்டணும், எடுக்கணும், திரும்ப மூடணும், ஏத்தணும். காலைல கிளம்ப பத்து நிமிஷம் இருக்கும்போது இத யாரும் பண்ண மாட்டாங்க, நானும் பண்ணல. நாலு மாசம் மேல் பெட்டில இருந்த ஆறேழு துணியவே மாத்தி மாத்தி போட்டேன். கருப்பு பேன்ட் இல்லையேன்னு ரெண்டு புதுசா வாங்கினேன், அப்புறம் ஒரு நாள் அடிப்பெட்டிய திறந்தா அதுல கருப்பு பேன்ட் மூணு இருக்கு!

அதே பெட்டிலதான் எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு வெள்ளை சட்டையும் இருந்துச்சு. ஒரு தடவ ரெண்டு மணி நேரம் போட்டுட்டு, சுத்தமாத்தானே இருக்குன்னு துவைக்காம மடிச்சு உள்ள வச்சிருக்கேன். காலரும் அக்குளும் மஞ்சளா ஆகியிருந்துச்சு. வியர்வையும் உடம்பு எண்ணெயும் துணில இருந்தா அன்னிக்கு கண்ணுக்கு தெரியாது, நாளாக நாளாகத்தான் மஞ்சளாகும், அப்படி பழசான கறை லேசுல போகாது. என் சட்டைல போகவே இல்ல. கண்ணு முன்னாடி தொங்கிட்டு இருந்திருந்தா அடுத்த வாரமே போட்டு துவைச்சிருப்பேன்.

அதனால வரிசை இதுதான்: முதல்ல பிரிங்க, அப்புறம் எண்ணுங்க, அப்புறம் பெட்டி எதுவும் இல்லாம அப்படியே அடுக்குங்க. எதாவது தடுப்பு வேணும்னா வீட்டுல இருக்கற செருப்பு டப்பா, அட்டைப்பெட்டி போதும், மூணு நாலு வாரம் அதுலயே ஓட்டுங்க. எது சரியுது, எதுக்கு தடுப்பே வேண்டாம்னு அந்த நாள்லயே தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் டேப் எடுத்து அளங்க.

அளக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. அலமாரிக்குள்ள சுவத்துக்கு சுவர் அளக்காதீங்க. கீல் வச்ச கதவா இருந்தா கீலும் கதவும் சேந்து ஓரத்துல கொஞ்சம் இடத்த பிடிச்சுக்கும், பெட்டி உள்ள போயிடும், ஆனா வெளிய இழுக்கும்போது முட்டும். கதவ திறந்து வச்சு, துணி வெளிய வர அந்த வாய்க்கு எவ்ளோ அகலம் இருக்குன்னு அளங்க. ஹேங்கருக்கும் இதே கதைதான். பெரியவங்க ஹேங்கர் 42லேர்ந்து 45 செ.மீ. வரைக்கும் இருக்கும், சட்டை மாட்டினா தோள் இன்னும் வெளிய வரும், அதனால கம்பி போடற இடத்துல 55லேர்ந்து 60 செ.மீ. ஆழம் வேணும். அவ்ளோ இல்லன்னா கதவு துணிய நசுக்கும், அங்க மடிச்சு வைக்கறதே நல்லது.

கடைசியா வாங்கியே ஆகணும்னா மூடி இல்லாதது, உயரம் கம்மியானது வாங்குங்க. டீ-ஷர்ட்ட மடிச்சு புத்தகம் மாதிரி நிக்க வச்சா எல்லாமே ஒரே பார்வைல தெரியும். மூடி மேல லேபிள் ஒட்டிட்டா சரியாயிடும்னு நிறைய பேர் சொல்றாங்க, ஆகாது, பேர் தெரிஞ்சாலும் மேல இருக்கற ரெண்டு பெட்டிய நீங்கதானே இறக்கணும்.

கலர் வாரியா அடுக்குறது

பாக்க அழகா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா காலைல யாரும் "இன்னிக்கு நீலம்"னு எழுந்திருக்கறதில்ல, வேலைக்கு போறோமா, வீட்டுல இருக்கோமா, விசேஷத்துக்கு போறோமான்னுதான் யோசிக்கறோம். அந்த வரிசைல பிரிங்க. வேலைக்கு போடறது ஒரு பக்கம், வீட்டுல போடறது ஒரு பக்கம், எப்பவாவது போடறது மேல. கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவுல இருக்கற இடம்தான் அலமாரிலயே ரொம்ப முக்கியமான இடம், அங்க தினமும் போடறது மட்டும்தான் இருக்கணும். இத செஞ்சுட்டு அதுக்குள்ள கலர் பாத்து வைக்கணும்னா தாராளமா வைங்க.

ஒரு தடவ போட்ட துணிக்கு இடம் ஒதுக்காம விடறது

துவைக்கற அளவுக்கு அழுக்கு இல்ல, உள்ள வைக்கற அளவுக்கு சுத்தமும் இல்ல. இந்த துணிக்கு நீங்க இடம் குடுக்கலன்னா அது நாற்காலி மேல போய் உக்காந்துக்கும், ஒரு வாரத்துல நாற்காலியே காணாம போயிடும். கதவுக்கு பின்னாடி நாலு கொக்கி அடிங்க. நாலு போதும், அஞ்சாவது துணி வந்தா முதல்ல மாட்டினது துவைக்க போகணும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல கட்டில்ல கொட்டுறது

ஒரு நாளைக்கு ஒரு ஷெல்ஃப். அவ்ளோதான்.

ஸ்வெட்டர ஹேங்கர்ல மாட்டுறது

மடிச்சு வைங்க. மாட்டினா கனம் தாங்காம தொங்கி நீளும், தோள்ல கொம்பு மாதிரி நிக்கும்.

"இளைச்சா போடலாம்" துணிய கண்ணு முன்னாடியே வைக்கறது

அத தூக்கி போட சொல்றவங்க கூட எனக்கு உடன்பாடு இல்ல. உடம்பு மாறும், குழந்தை பொறந்ததுக்கு அப்புறமும் உடம்பு முடியாம இருந்து எழுந்ததுக்கு அப்புறமும் மாறும், பிடிச்ச துணிய வச்சுக்கறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா தினமும் காலைல பட்டன் போட முடியாத சட்டைய எடுத்து, போட்டு பாத்து, மனசு கஷ்டப்பட்டு திரும்ப மாட்டுறது வேண்டாம். துவைச்சு, ஒரு துணிப்பையில போட்டு, மேல தேதி எழுதி பரண்ல வைங்க. இன்னிக்கு இருக்கற உடம்புக்கு சரியா இருக்கறது மட்டும் கைக்கு எட்டட்டும்.

எல்லா ஷெல்ஃப்லயும் பூச்சி உருண்டை போடறது

துணிப்பூச்சியோட புழு தின்னுறது கம்பளி, பட்டு மாதிரி மிருகத்துகிட்டேர்ந்தோ புழுகிட்டேர்ந்தோ வர இழையத்தான். வியர்வையும் சாப்பாட்டு கறையும் இருக்கற துணி அதுக்கு இன்னும் பிடிக்கும். தினமும் போட்டு துவைக்கற பருத்தி துணிக்கு உருண்டையே தேவையில்ல, கம்பளியையும் பட்டையும் சுத்தம் பண்ணி, நல்லா காய வச்சு எடுத்து வைக்கறதுதான் பெரிய பாதுகாப்பு. கைக்குழந்தை இருக்கற வீட்டுல நாப்தலின் உருண்டை வேண்டவே வேண்டாம், ஜி6பிடி குறைபாடு (ரத்த சிவப்பணுவ காக்கற ஒரு என்சைம் பிறவிலேயே கம்மியா இருக்கறது) இருக்கற குழந்தைக்கு அந்த உருண்டையோட வச்ச துணியப் போட்டா ரத்த சிவப்பணுவே உடைஞ்சு போகலாம். குறைபாடு இருக்குன்னு டெஸ்ட் பண்ணாம தெரியாது.

டிரை கிளீன் கவரோட அப்படியே மாட்டுறது

கழட்டுங்க. காத்தாட விட்டுட்டு உள்ள வைங்க.

சித்தி பொண்ணுகிட்ட பில்லு பத்திரமா இருந்துச்சு, 9 பெட்டிய திருப்பி அனுப்பிட்டா. மீதி 5 பெட்டி மூடி இல்லாம கட்டிலுக்கு அடியில காலியா கிடக்கு, ஒரு மாசம் செருப்பு டப்பாலயே ஓட்டிட்டு அளந்து பாத்துதான் உள்ள எடுக்கணும்னு சொல்லியிருக்கேன். நேத்து போன்ல, வெறுமனே எண்ணி பாத்ததுல கருப்பு பேன்ட் நாலு கிடைச்சுதுன்னு சொன்னா.