சவுண்டல் தழையை வளரும் ஆட்டுக்குட்டிகளுக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்ட வேலிகளில், யாரும் நடாமலேயே புதராக மண்டும் சவுண்டல் என்கிற சூபாபுல், மெக்சிகோவிலிருந்து வந்த செடி. உலர்ந்த இலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருப்பதால், காசில்லாமல் குட்டி தேறிவிடும் என்று அதையே முழுத் தீவனமாகக் கட்டித் தொங்கவிடுவதுதான் முதல் தவறு.

இந்தத் தழையில், குறிப்பாகக் கொழுந்திலும் விதையிலும், மிமோசின் என்ற நஞ்சு உண்டு. அது இரைப்பையில் சிதைந்து உண்டாகும் பொருள் தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கிறது. எச்சில் ஒழுகும், எடை ஏறாது; முதுகிலோ வாலிலோ லேசாகப் பிடித்து இழுத்தால் முடி விரலோடு வந்துவிடும். ஆகவே மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 15 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ பச்சைத் தழை போதும், மீதியைப் புல்லும் சோளத்தட்டையும் நிரப்பட்டும்.

அய்யலூர் சந்தையில் வாங்கி வந்த குட்டிக்கு மறுநாளே அந்த அளவைப் போடுவது அடுத்த தவறு. நஞ்சை முறிக்கும் பாக்டீரியா எல்லா ஆடுகளின் இரைப்பையிலும் இருப்பதில்லை; 1980களில் அந்தப் பாக்டீரியா இருந்த ஹவாய் ஆடுகளின் இரைப்பைச் சாற்றை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனதே இதற்காகத்தான். ஒரு பிடியில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் கூட்டுவதே முறை. வாடவைத்துப் போட்டால் நஞ்சு ஓரளவு குறையும், முற்றிலும் போகாது.

இவற்றைவிட எனக்கு அச்சமூட்டுவது அரிவாள் வேகத்தில் நேரும் கலப்படம். சவுண்டல் நிற்கும் அதே வேலியில்தான் உண்ணிச்செடியும் பின்னிக் கிடக்கிறது. சவுண்டல் இலை புளிய இலை போலச் சிறுசிறு இதழாகப் பிரிந்திருக்கும். உண்ணி இலையோ சொரசொரப்பானது, கசக்கினால் நெடியடிக்கும், தண்டு நாற்பட்டையாக இருக்கும். பசித்த குட்டி கட்டோடு கட்டாக அதையும் தின்றுவிட்டால் ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகி, வெயில் பட்ட காதும் மூக்கும் வெடித்துப் புண்ணாகும். இதற்கு நேரடியான முறிமருந்து இல்லை. காய்ந்தாலும் நஞ்சு நீங்காது. கட்டை அவிழ்த்து ஒருமுறை உதறிப் பார்க்காமல் பட்டிக்குள் போட வேண்டாம். தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆட்டை நிழலில் கட்டிவிட்டு, அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஆடு தின்றால் புதர் ஒழிந்துவிடும் என்ற நினைப்பும் தவறுதான். வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும், உதிர்ந்த விதை பல ஆண்டு மண்ணில் கிடந்து முளைக்கும். காய் பச்சையாக இருக்கும்போதே கிளையை வெட்டிவிட வேண்டும், சோலை ஓரத்துத் தோட்டக்காரர்கள் முக்கியமாக.